கோகியின் இழுவலை

நவம்பர் 18, செவ்வாய்

எலும்பு டாக்டர் சொன்னதால் இந்த நோட்டு. வலி எப்போது வருகிறது, எப்போது கூடுகிறது, என்ன பயிற்சி செய்தேன் என்று தினமும் எழுத வேண்டுமாம். பீளமேடு சிக்னல் தாண்டி மழையில் வண்டி சறுக்கியதில் வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு. தொடை வரை மாவுக்கட்டு.

காலை: வலி குறைவு. கால்விரல்களை அசைத்தேன். மனைவி கோகிலா இட்லியும் ஃபிளாஸ்கில் டீயும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். லீவு போட முடியாது. மோட்டார் பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவில் நின்றபடியே வேலை பார்த்தவனுக்கு உட்கார்ந்திருப்பதுதான் பெரிய வலி.

மாலை: ஏழு மணிவாக்கில் கோகிலாவுக்கு ஒரு வீடியோ கால். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். ரொம்ப நேரம் சிரிப்புச் சத்தம். அப்போது வலி கொஞ்சம் கூடியது.

நவம்பர் 19, புதன்

இன்றைக்கும் அதே நேரத்துக்குக் கால். ஆண் குரல். இலங்கைத் தமிழ்.

சப்பாத்தி போடும்போது கேட்டேன். "பழைய ஃபிரண்டு வழியில தெரிஞ்சவங்க. கனடாவுல இருக்கறாப்ல. ரூபன்னு பேரு" என்றாள். சப்பாத்தி ஒரு பக்கம் கருகிவிட்டது. கோகிலா சப்பாத்தியைக் கருக விடுகிறவள் இல்லை.

நவம்பர் 21, வெள்ளி

அவன் அவளைக் 'கோகி' என்று கூப்பிடுகிறான். கதவு சாத்தியிருந்தும் தெளிவாகக் கேட்டது. சில நேரம் 'கோகி அக்கா' என்கிறான். அக்கா என்று யார் வேண்டுமானாலும் யாரையும் கூப்பிடலாம்.

இருபத்து மூன்று வருடத்தில் நான் ஒருநாளும் அவளைக் கோகி என்று கூப்பிட்டதில்லை. அப்படி ஒரு பெயர் இருப்பதே எனக்குத் தெரியாது.

வலி: இருக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டி, ஸ்டூலில் உட்கார வைத்துத் தலைக்கு ஊற்றிவிட்டாள். தலை துவட்டும்போது அவளே ஆரம்பித்தாள்.

"ரூபன்கிட்ட தெனமும் பேசறதெல்லாம் இழுவலை விஷயமாத்தானுங்க."

"இழுவலைன்னா?"

"வெப்சைட்டு. கடல்ல இழுக்கற வலையோட பேரு. நாங்க நடத்துனது. தொண்ணூத்தொம்போதுல ஆரம்பிச்சது."

"நாங்கன்னா?"

"நானும் அலைவரிசையும். அது புனைபேருங்க. எனக்குக் குறுக்குச்சால்னு பேரு, எதுலயும் குறுக்க பூந்து பேசறவ." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

லட்சுமி மில்ஸ் பக்கத்தில் ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் இருந்ததாம். ஒட்டுப்பலகை அடைத்த சின்னச் சின்ன அறைகள். ஃபோன் லைன் வழியாக இணைப்புக் கிடைப்பதற்குள் மோடம் போடும் சத்தம், தகர டப்பாவுக்குள் எலி பூந்த மாதிரி இருக்குமாம். ஒரு படம் வர வேண்டுமென்றால் மேலிருந்து கோடு கோடாக இறங்கும். "நெத்தி வரும், கண்ணு வரும், மூக்கு வர்றதுக்குள்ள நம்ம அரை மணி நேரம் முடிஞ்சு போயிரும்." தமிழ் எழுத்துக்கு ஒவ்வொரு தளமும் தனித்தனி எழுத்துரு வைத்திருக்கும். அதை முதலில் இறக்கிக்கொள்ளாவிட்டால் பக்கம் முழுக்கக் கொக்கியும் கோடுமாகத் தெரியும். இவர்கள் பக்கத்தின் அடியில் ஓர் எண்ணி வைத்திருந்தார்களாம், எத்தனை பேர் வந்து படித்தார்கள் என்று காட்ட. யார் வந்து எழுதிவிட்டுப் போனாலும் கோகிலா பதில் போடுவாளாம். நார்வேயிலிருந்து ஒருவர், மொரீசியஸிலிருந்து ஒருவர்.

"நெட்ஸ்கேப்புனு ஒரு பிரவுசருங்க. பக்கம் வர்ற வரைக்கும் மூலையில ஒரு எழுத்துக்குப் பின்னால நட்சத்திரமா விழுந்துட்டே இருக்கும். எனக்கு அதைப் பாத்துட்டு உக்காந்திருக்கறதே போதும். இப்பத் தொட்டா வந்துருது. வர்றதுக்கு முந்தி ஒரு ஆசை இருக்கும் பாருங்க, அது இல்ல."

இவ்வளவு நீளமாக என்னிடம் அவள் பேசி எத்தனை நாளாயிற்று. ஆனால் பேசும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துப் பேசினாள்.

"எங்கிட்ட ஏன் இதெல்லாம் சொல்லல?"

"கல்யாணமான புதுசுல சொன்னனுங்க. வெப்சைட்டுனா என்னன்னு கேட்டீங்க. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள தூங்கிட்டீங்க."

எனக்கு ஞாபகம் இல்லை. அப்போதெல்லாம் எனக்கு இரண்டாவது ஷிஃப்ட்.

"அந்த அலைவரிசை?"

"நான் நின்ன பொறகு அவங்க மட்டும் கொஞ்ச நாள் நடத்துனாங்க. அப்புறம் வெப்சைட்டுக்கு எடம் குடுத்த கம்பெனி மொத்தத்தையும் மூடிட்டான்." துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

'அவங்க' என்றாள். 'அவன்' என்று சொல்ல வாய் வரவில்லை போலிருக்கிறது. அந்த ரூபன்தான் அலைவரிசை. இதற்குப் பெரிய அறிவு தேவையில்லை.

நவம்பர் 27, வியாழன்

வலி இல்லை. எட்டேகால் வரை பேசினார்கள்.

டிசம்பர் 1, திங்கள்

பயிற்சி: காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து இறக்கினேன்.

லேப்டாப் மேசையிலேயே இருந்தது. தூசி தட்டலாம் என்று திறந்தேன். கடவுச்சொல் கேட்டது. என் பெயரைப் போட்டேன். மகள் கயல் பெயரைப் போட்டேன். கல்யாண தேதியைப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து முயலச் சொல்லிவிட்டது. முயலவில்லை.

டிசம்பர் 3, புதன்

சாப்பிடும்போது கோகிலாவின் முகம் பளிச்சென்று இருந்தது.

"இழுவலை முழுசும் ஒரு சிடியில இருக்குதாமுங்க. அலைவரிசை அப்பவே போட்டு வெச்சது. ரூபன் கூரியர்ல அனுப்பிட்டாப்ல."

"இந்தக் காலத்துல சிடியா? அப்படியே அங்கிருந்து அனுப்ப முடியாதா?"

"அவங்க பக்கத்து வீட்டுல போட்டுப் பாத்தாங்களாம். எல்லாம் கொக்கி கொக்கியா வருதுன்னு பயந்துட்டாங்க. எதையும் தொடாம அப்படியே அனுப்புங்கன்னு நாந்தான் சொன்னேன்."

எங்கள் கல்யாண ஆல்பம் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதைக் கடைசியாக எப்போது இறக்கினாள் என்று யோசித்துப் பார்த்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

பதினோரு மணிக்குக் கூரியர் வந்தது. ஊன்றுகோலுடன் கதவைத் திறக்கவே நேரமாகிவிட்டது. கூரியர்காரர் கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை. ஃபோன் திரையில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். கோழி கிண்டியது போல வந்தது. "பரவால்லீங்க சாமி" என்றார்.

மெல்லிய கவர். கனடா முத்திரை. மழைக்காலம், எங்காவது நனைந்துவிடும். பத்திரமான இடத்தில் வைத்திருக்கிறேன்.

மாலை வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் கேட்டாள். "கூரியர் எதாச்சும் வந்துதுங்களா?"

வரவில்லை என்றேன்.

டிசம்பர் 11, வியாழன்

வந்து சேர்ந்துவிட்டதாக ஃபோனில் காட்டுகிறதாம். பள்ளி விட்டு நேராகக் கூரியர் ஆபீசுக்குப் போயிருக்கிறாள். நனைந்துகொண்டு வந்தாள்.

"கையெழுத்தக் காட்டறாங்க. கோடு கோடா இருக்குது, யாருதுன்னே தெரியல. கொண்டு வந்தவரு சபரிமலைக்குப் போயிட்டாராம். திங்கக்கெழமதான் வருவாராம். அந்தக் கவுண்டர்ல இருந்த புள்ளையக் கண்டபடி பேசிட்டு வந்துட்டேன். பாவம், அது அழுதுருச்சு."

துண்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஒரு நொடி என்னையே பார்த்தாள். பிறகு தலையைத் துவட்டிக்கொண்டாள்.

ஏழு மணிக்கு உள்ளே பேச்சுக் குரல். இன்றைக்குச் சிரிப்பு இல்லை. "அம்மாகிட்ட என்னன்னு சொல்றது ரூபன்?" என்று கேட்டது. எந்த அம்மா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வலி: இடது பக்கம். அடிபட்ட கால் வலதுதான்.

டிசம்பர் 13, சனி

வாசலில் கிடந்தது, தண்ணீர் கேன் பின்னால் விழுந்திருந்தது என்று சொல்லி எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று காலையில் முடிவு செய்தேன். மதியம் அவள் அரையாண்டுத் தேர்வு பேப்பர் கட்டுகளோடு வந்தாள். சாயந்திரம் அவனிடம் பேசும்போது விம்மும் சத்தம் கேட்டது. என் கால் முறிந்த அன்று ஆஸ்பத்திரியில் இவள் அழவில்லை. எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்தாள், ஆனால் அழவில்லை.

கொடுக்கவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். கிளம்பும் அவசரத்தில் கோகிலா எக்ஸ்ரே கவரைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நான் வெச்சுக்கறேன் குடு" என்றேன். "ரெண்டு கையிலயும் குச்சி. எதுல வெச்சுக்குவீங்க?" என்றாள். ஆட்டோவில் வழி முழுக்க அந்தக் கவரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

டாக்டர் கவருக்குள் கைவிட்டுப் படத்தை உருவினார். கூடவே, கனடாக் கவரைப் பிரித்து நான் அதற்குள் ஒளித்து வைத்திருந்த சிடி தட்டும் வந்து மேசைமேல் விழுந்தது.

"ஸ்கேன் எடுத்தீங்களா? நான் எழுதலையே" என்றபடி அதைத் தன் கம்ப்யூட்டரில் போட்டார். திரையில் கொக்கியும் கோடும் வளையமுமாகப் பக்கம் பக்கமாக ஓடியது. "என்னங்க இது, எந்த பாஷை?" என்றார்.

கோகிலா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் திரும்பவில்லை. அவள் கை நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது. அந்தப் பிடி இறுகியது தெரிந்தது.

"எங்களுதுதாங்க டாக்டர். மாறி வந்துருச்சு" என்றாள்.

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு முழங்காலுக்குக் கீழே சின்னதாக வேறு கட்டுப் போட்டார். எலும்பு நன்றாகக் கூடி வருகிறதாம்.

திரும்பும்போது ஆட்டோ அவினாசி ரோடு மேம்பாலத்தைத் தாண்டியது. கோகிலா தட்டை மடியில் வைத்திருந்தாள்.

"ரூபன் யாருன்னு நெனச்சீங்க?"

நான் வெளியே பார்த்தேன்.

"வதனியோட தம்பிங்க. வதனிதான் அலைவரிசை. பொம்பளப் புள்ள. என்னை விட ஒரு வயசு மூத்தது. பருத்தித்துறைப் பக்கம் கடலோரம் வீடு. கொழும்புல வேலைக்கு இருந்தப்பத்தான் நாங்க பழகுனது. ரெண்டு பேரும் நேர்ல பாத்ததே இல்ல. அப்புறம் ஊருக்குப் போய்ப் புள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்துட்டு இருந்துச்சு. சுனாமில போயிருச்சு."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"வீடு, ஃபோட்டோ, துணிமணி, ஒண்ணும் மிஞ்சல. அந்தம்மா மட்டும் சந்தைக்குப் போயிருந்ததுல பொழச்சுட்டாங்க. இப்ப மகனோட கனடாவுல இருக்காங்க. மக எழுதுனது ஒரு வரிகூட அவங்க கையில இல்ல. இந்தத் தட்டு ஒண்ணுதான், சுனாமிக்கு முந்துன வருஷம் வதனி தம்பிக்கு அனுப்பி வெச்சது. ரூபனுக்கு ட்ரக் ஓட்டத்தான் தெரியும். இது என்னன்னே தெரியாம பெட்டியில கெடந்துருக்குது. இருவத்தாறாந்தேதி நெனைவு நாள். அதுக்குள்ள எழுத்தையெல்லாம் இப்பத்த எழுத்தா மாத்தி, அந்தம்மாவுக்குப் படிக்கக் குடுக்கோணும்னு இருந்தோம்."

தட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு வாரம் போச்சுங்க. நான் அந்தக் கூரியர் புள்ளைய அழ வெச்சுட்டு வந்துருக்கேன்."

வீட்டு வாசலில் என்னைக் கைத்தாங்கலாக இறக்கினாள். கை எப்போதும் போல உறுதியாகத்தான் இருந்தது.

டிசம்பர் 16, செவ்வாய்

கயல் ஹாஸ்டலிலிருந்து பேசினாள். "அம்மா ஏம்ப்பா ஒரு மாதிரி பேசறாங்க?" என்று கேட்டாள். பரீட்சை பேப்பர் நிறைய என்றேன்.

டிசம்பர் 17, புதன்

மாத்திரை எடுத்து வைக்கிறாள். தண்ணீர் வைக்கிறாள். 'சாப்பிடுங்க' என்கிறாள். அவ்வளவுதான்.

ஒரு பெண், அதுவும் இறந்துபோய் இருபத்தோரு வருடமான பெண் என்று தெரிந்ததும் மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. ஆணாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இவளோடு என்ன செய்வது? வயதாகாமல், நரை விழாமல், ஒரு சப்பாத்தியைக் கூடக் கருக விடாமல், அங்கேயே இருக்கிறாள்.

டிசம்பர் 18, வியாழன்

பள்ளிக்கூட லேபிலிருந்து சிடி போடும் கருவி ஒன்றைக் கொண்டு வந்தாள். அந்தப் பழைய நெட்ஸ்கேப் பிரவுசரையும் எங்கிருந்தோ தேடி இறக்கிவிட்டாள். அன்றைய பக்கங்கள் அதில்தான் அன்றைக்கு இருந்தபடியே தெரியுமாம். இன்றைக்கு உள்ளறைக்குப் போகவில்லை. கூடத்து மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். என் கட்டிலிலிருந்து திரை தெரிந்தது.

முதலில் பிரவுசரின் அடையாளமாகக் கப்பல் சக்கரம் போட்ட ஒரு படம். கருநீலப் பின்னணி. ஒரு வலை மெதுவாக விரிகிற மாதிரி சின்னச் சித்திரம். மேலே பெரிதாக 'இழுவலை'. கோகிலா அதைத் தொடுவது போலத் திரைமேல் விரலை வைத்தாள். முதுகு குலுங்கியது.

எழுந்து போய்த் தோளில் கை வைக்க வேண்டும் என்றிருந்தது. ஊன்றுகோல் எட்டவில்லை என்று எழுதலாம். எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

டிசம்பர் 19, வெள்ளி

எழுத்தை மாற்றினால் எல்லாம் ஒழுங்காக வருவதில்லையாம். கொம்பு ஒரு பக்கம் விழுகிறது, கால் ஒரு பக்கம் விழுகிறது. ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் திருத்த வேண்டும். அந்தப் பக்கம் பரீட்சை பேப்பர் வேறு குவிந்திருக்கிறது.

"நான் பாத்துத் தரட்டுமா? கொறை கண்டுபுடிக்கறதுதான் என் வேலையே" என்றேன்.

"வேண்டாங்க" என்றாள்.

டிசம்பர் 20, சனி

காலையில் ஊன்றுகோலோடு ஆட்டோ பிடித்துக் கூரியர் ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் அந்தப் பெண் இருந்தாள். கவரை வாங்கியது நான்தான், வீட்டில் சொல்லவில்லை என்றேன். "உக்காருங்க சார், கால்ல கட்டோட நிக்கறீங்க" என்றாள்.

கோகிலாவிடம் இதைச் சொல்லவில்லை. அவர்களே ஃபோன் செய்து சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. மதியம் அச்செடுத்த தாள் கட்டு ஒன்றும் சிவப்புப் பேனாவும் என் கட்டிலில் இருந்தன.

டிசம்பர் 21, ஞாயிறு

நாள் முழுக்கப் படித்தேன். வதனி ரொட்டி சுட்டுக் கருக்கியது, தம்பியின் சைக்கிள், அறைத்தோழியின் குறட்டை, கடலைப் பார்க்காமல் கொழும்பில் தூக்கம் வராதது. ஒவ்வொன்றுக்கும் கீழே குறுக்குச்சால் ஏதாவது குதர்க்கம் பேசியிருக்கிறாள். இரண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பேப்பர் திருத்திக்கொண்டிருந்த கோகிலா நிமிர்ந்து பார்த்தாள்.

இவ்வளவு வாயாடியா இவள்? இந்தப் பெண்ணோடு நான் ஒரு வேளை கூடச் சாப்பிட்டதில்லை.

டிசம்பர் 22, திங்கள்

கடைசிக் கட்டில் ஒரு பக்கம் மட்டும் தனியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. "அது வேண்டாங்க, அதைச் சேக்கப் போறதில்ல" என்றாள் கோகிலா. அதற்குள் பிரித்துவிட்டேன். வதனி எழுதியது:

'எங்கட குறுக்குச்சாலுக்குக் கலியாணம். மாப்பிள்ளை பம்ப் செய்யிற இடத்தில வேலையாம். நல்ல மனுசனாம். நீங்கள் எல்லாரும் வாழ்த்துங்கோ. நான் வாழ்த்த மாட்டன். எனக்கு எரிச்சலாக் கிடக்கு. அவர் கோகியோட ஒரே வீட்டில இருக்கப் போறார். அவள் தேத்தண்ணி குடிக்கிறதை, தும்முறதை, நித்திரையால எழும்பிறதை எல்லாம் பார்க்கப் போறார். நான் அவளின்ர குரலைக் கூடக் கேட்டதில்லை. ஆனா ஒண்டு. அவருக்குக் குறுக்குச்சாலைத் தெரியாது. அவருக்குக் கிடைக்கிறது பாதிதான். மற்றப் பாதி என்னட்ட இருக்கு. கேட்டாலும் குடுக்க மாட்டன்.'

மூன்று முறை படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

"இதையும் சேரு" என்றேன்.

"உங்களுக்கு..."

"சேரு. அந்தம்மாவுக்கு மகளோட கோபமும் வேணும்."

கோகிலா தாளை வாங்கி மற்றவற்றோடு வைத்தாள். "கால் வீங்கியிருக்குதுங்க. தலகாணி மேல வைங்க" என்றாள்.

டிசம்பர் 24, புதன்

எல்லாம் அனுப்பியாகிவிட்டது. ரூபன் அங்கே அச்செடுத்து நூல் போட்டுத் தைத்துக்கொள்வதாகச் சொன்னான். இன்றைக்கு முதல் தடவையாக எனக்கும் வணக்கம் சொன்னான். "அத்தான்" என்று கூப்பிட்டான்.

டிசம்பர் 26, வெள்ளி

ஏழு மணிக்குக் கால் வந்தது. அங்கே காலை நேரம், ஜன்னலுக்கு வெளியே பனி. ஒரு படத்தின் முன்னால் விளக்கு. படத்தில் இருந்த வதனிக்குப் பத்து வயதுதான் இருக்கும், பள்ளிக்கூடக் குழுப்படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது.

ரூபன் வாசித்தான். அந்தம்மா மடியில் கைகளைக் கோத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ரொட்டி கருகிய இடத்தில் "ஓம், ஓம், அவளுக்கு அடுப்பு சரிவராது" என்றார். கடல் வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். கோகிலா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். யாருடைய கை என்று பார்த்துப் பிடித்ததாகத் தெரியவில்லை. நான் அசையவில்லை.

கடைசிப் பக்கத்தை வாசித்தபோது அந்தம்மா சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அந்தப் பம்ப் மாப்பிள்ளை எங்க, பிள்ளை? ஒருக்கா காட்டு."

கோகிலா லேப்டாப்பைத் திருப்பினாள்.

"தம்பி, மகளுக்கு எரிச்சல் வந்தா இப்பிடித்தான். ஒண்டும் மனசில வச்சிருக்காதேங்கோ."

"எனக்கும் அப்படித்தான் இருந்துதுங்கம்மா, அவங்க மேல. இப்பவும் கொஞ்சம் இருக்குதுங்க" என்றேன்.

"அப்ப ரெண்டு பேருக்கும் கணக்குச் சரி" என்றார்.

கால் முடிந்த பிறகு கோகிலா அடுப்படிக்குப் போய்த் தோசைக்கல்லைப் போட்டாள். ஊன்றுகோல் இல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு கதவுவரை நடந்தேன்.

"அந்த மிச்சப் பாதி... கேட்டாத் தருவியா?"

கல்லில் தண்ணீர் தெளித்தாள். அது சுர்ரென்று அடங்கியது.

"அது வதனிகிட்டயே இருக்கட்டுங்க. நீங்க புதுசா எதாச்சும் கேளுங்க."

இருபத்து மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தவன் புதிதாக என்ன கேட்பது? இரண்டு தோசை முடியும்வரை யோசித்தேன். பிறகு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் இவளை யார் அதிகம் சிரிக்க வைப்பது என்று கேட்டேன்.

கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். நான் நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஒருத்தி இருக்கறாளுங்க" என்று ஆரம்பித்தாள்.